குழாய்க்கு முன்னால் வில்லுப்பாட்டு

என் அக்காள் புருஷனுக்கு ஒரு யோசனை தோன்றினால் அதற்கான அலைச்சல் என் தலையில் வந்து விழும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அக்காள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அத்தானுக்கு ரத வீதியில் கடை. சுவர்க் கடிகாரம், குடை, மண்ணெண்ணெய் விளக்கு, தையல் மிஷின் என்று சீமையிலிருந்து கப்பலில் எது வந்து இறங்கினாலும் அது அவர் கடையில் இருக்கும். முதல் மகா யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் கிராமபோன் பெட்டியும் தருவித்து வைத்தார். சாயங்காலம் கடை வாசலில் அதைப் பாடவிட்டால் தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்கும். பாட்டு முடிந்ததும் கலைந்து போய்விடும். வாங்குகிறவர்கள் வக்கீல்களும் மிராசுதார்களும்தான். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மாடு வாங்கவும் விற்கவும் வருகிற விவசாயச் சம்சாரிகள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"அண்ணாச்சி, இதுல வில்லுப்பாட்டு இருக்கா?"

இருக்கவில்லை. மெட்ராஸில் பிடித்த கச்சேரிப் பாட்டுகளும் நாடகப் பாட்டுகளும்தான் இருந்தன. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அத்தானுக்கு யோசனை பிறந்துவிட்டது.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெயிலில் வெந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றக்கூட இல்லை, அத்தான் வந்து நின்றார்.

"மாப்ள, நாளைக்கு உமக்குச் சோலி ஒண்ணும் இல்லைல்லா?"

"பரீட்சைத் தாள் கெடக்கு அத்தான்."

"அது எங்க ஓடிப் போவுது. பாட்டு பிடிக்கிற தொர ஒருத்தரு மெட்ராசுலேருந்து வாராரு. தூத்துக்குடியில கப்பலேறிக் கொழும்புக்குப் போறவரு. நாந்தான் கெஞ்சிக் கூத்தாடி இங்கன ஒரு பகல் இறங்க வச்சிருக்கேன். வள்ளியூர்ப் பக்கத்துலேருந்து வில்லுக்காரங்களும் வண்டி கட்டிட்டாங்க. தொர சொல்லுதத அவங்களுக்குச் சொல்லணும், அவங்க சொல்லுதத தொரைக்குச் சொல்லணும். அவ்வளவுதான் வே."

இந்த "அவ்வளவுதான்" என்ற வார்த்தையை அத்தான் சொல்லும்போதெல்லாம் நான் சுதாரித்திருக்க வேண்டும். ஒருநாளும் சுதாரித்ததில்லை.

இடம், பேட்டையில் அவர் பஞ்சுப் பொதி அடுக்கி வைத்திருந்த கிட்டங்கி. வீட்டில் வைக்க முடியாது. ஆடு வெட்டிக் கும்பிடுகிற மாடன் சாமியின் பாட்டை வீட்டுக்குள் படிக்கவிட அத்தானுடைய தாயார் சம்மதிக்கவில்லை. கிட்டங்கிக்கு ஒரே ஒரு கதவு. ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன, அவற்றையும் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். காலையிலேயே உள்ளே அடுப்பங்கரைச் சூடு.

துரை நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்தார். வெயில் பட்டு முகம் செங்கல் நிறமாகியிருந்தது. அவர் இங்கிலீஷ்காரர் இல்லை, ஜெர்மன் தேசத்தவர். அவர் பேசிய இங்கிலீஷை நான் முதலில் இங்கிலீஷாக மாற்றிக்கொண்டு, பிறகு தமிழாக்க வேண்டியிருந்தது. ஆனால் தொழிலில் கெட்டிக்காரர். வந்ததும் கையைத் தட்டிப் பார்த்தார். பஞ்சுப் பொதிகள் சத்தத்தைத் திருப்பி அடிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டார். அன்றைக்கு அவர் சந்தோஷப்பட்டதற்கு முதல் காரணம் அதுதான். மத்தியானம் வரைக்கும் வேறு காரணம் கிடைக்கவில்லை.

அவருடைய இயந்திரம் ஒரு திரைக்குப் பின்னால் இருந்தது. திரையிலிருந்த ஓட்டை வழியாக நீண்ட தகரக் குழாய் ஒன்று இந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சோப்புக் கட்டி மாதிரி தடித்த மெழுகுத் தட்டு ஒன்று சுழலும். குழாய்க்குள் போகிற சத்தமே ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கீறும். குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறவன் பாடுவது விழும், தள்ளி இருக்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் விழாது. மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடும். அதற்குள் பாட்டை முடித்துவிட வேண்டும். முடிந்ததும் பாடியவன் தன் பேரைக் குழாயில் உரக்கச் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் சீமையில் இருக்கிறவர்கள் எது யாருடைய பாட்டு என்று கண்டுபிடிப்பார்கள். பிடித்ததை உடனே கேட்டுப் பார்க்கவும் முடியாது. கேட்டால் மெழுகு அழிந்துவிடும். இத்தனையையும் துரை எனக்குச் சொன்னார். நான் வில்லுக்காரர்களுக்குச் சொன்னேன்.

அவர்கள் ஐந்து பேர். ஆள் உயரத்துக்கும் அதிகமான வில், அதன் தண்டு நெடுக வெண்கல மணிகள். வில்லின் நடுவை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து இரண்டு கோல்களால் நாணை வீசி அடித்துக்கொண்டு கதை பாடுகிறவரைப் புலவர் என்றார்கள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், பெரிய உருவம், குடுமி. அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து குடம் அடித்துக்கொண்டு, அவர் பாடும் அடியின் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுகிறவர் அவருடைய தங்கை புருஷன். மற்ற மூன்று பேர் உடுக்கு, தாளம், கட்டை. புலவர் பாட, மைத்துனர் ஏந்த, எதிரே இருக்கிற ஊர் முழுவதும் "ஆமா" போட, இப்படித்தான் மாடன் கோயில் கொடை விழாவில் விடிய விடியக் கதை நடக்கும்.

நான் சொல்லி முடித்ததும் புலவர் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் முழங்கால் உரசுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனரைக் கண்ணால் காட்டினார்.

"ஐயா, இதெல்லாம் அவனுக்கு வெளங்குச்சான்னு கேளுங்க."

நான் மைத்துனரைப் பார்த்தேன். "வெளங்குச்சுன்னு அவருகிட்டச் சொல்லுங்கய்யா" என்றார் அவர்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. உடுக்குக்காரர் என்னைத் தனியே அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கொடையில் கதை உச்சத்தில் இருக்கும்போது, மைத்துனருடைய உழவு மாடு கிணற்றில் விழுந்துவிட்டது என்று ஆள் ஓடி வந்திருக்கிறான். மைத்துனர் குடத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். "மாடனவிட மாடு பெருசாப் போச்சா" என்று புலவர் அத்தனை சனத்துக்கு முன்னால் கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. வேறு ஜோடி சேரவும் இல்லை. புலவருடைய பாட்டை ஏந்த மைத்துனரை விட்டால் ஆள் கிடையாது, மைத்துனருக்கும் புலவரை விட்டால் பிழைப்பு கிடையாது.

"வில்லுல உக்காந்தா ரெண்டும் ஒண்ணா மண்ணாத்தான் இருக்கும். எந்திரிச்சா இப்படித்தான்" என்றார் உடுக்குக்காரர்.

ஆக, துரைக்கும் தமிழுக்கும் நடுவே நிற்க வந்த நான், தமிழுக்கும் தமிழுக்கும் நடுவேயும் நிற்க வேண்டியதாயிற்று. அத்தானைப் பார்த்தேன். அவர் ஒரு பொதிமேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

முதல் மெழுகு சுழன்றது. புலவர் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டார். பிறகு சரஸ்வதி. பிறகு குரு. பிறகு அந்த ஊர் எல்லைச் சாமி. பேட்டையின் எல்லைச் சாமி யாரென்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. கும்பிட்டு முடித்துவிட்டுக் கதைக்குள் காலை வைக்கப்போனார், மெழுகு முடிந்துவிட்டது.

நான் விளக்கினேன். புலவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பிள்ளையாரச் சுருக்கச் சொல்லுதீயளா ஐயா?"

"மனசுக்குள்ள கும்பிட்டுக்கோங்க. நேராக் கதைக்கு வாங்க."

"அவனுக்கும் சொல்லிருங்க. இல்லாட்டி பழக்க தோசத்துல பிள்ளையாருக்குப் போயிருவான்."

மைத்துனர் பக்கம் திரும்பி, அவர் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்ட அதே வாக்கியத்தை நான் மறுபடியும் சொன்னேன். அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது மெழுகில் கதை தொடங்கியது. மைத்துனர் குடத்தில் ஓங்கி அடித்த முதல் அடியிலேயே ஊசி துள்ளி மெழுகைக் கிழித்துவிட்டது. துரை திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அந்தப் பானையை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோகச் சொன்னார்.

"குடம் இல்லாம வில்ல எதுமேல வைக்க?" என்றார் புலவர். "எந் தலைமேலயா?"

அத்தானுக்கு இங்கே ஒரு உப யோசனை தோன்றியது. வில்லைப் பஞ்சுப் பொதிமேல் வைக்கலாம் என்றார். வைத்தார்கள். குடமும் மைத்துனரும் கிட்டங்கியின் கோடிக்குப் போனார்கள். தாளம் கதவோரம். உடுக்கு இரண்டு பொதிகளுக்குப் பின்னால், ஆளே தெரியவில்லை. புலவர் மட்டும் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தார். நாணை அடித்தார். பொதிமேல் கிடந்த வில் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. ஒரு மணியும் குலுங்கவில்லை. அவர் ஒரு அடி பாடிவிட்டு வழக்கம்போல இடது பக்கம் திரும்பினார், அங்கே பஞ்சுதான் இருந்தது. கோடியிலிருந்து மைத்துனரின் குரல் பாதி மூச்சு தாமதித்து வந்து சேர்ந்தது. தாளம் யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மூன்று மெழுகு இப்படி வீணாயிற்று. சங்கீதம் தெரியாதவனுக்கும் அது பாட்டில்லை என்று தெரியும்.

துரையே நிறுத்திவிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: எங்கள் ஊரில் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து வாசிக்கிற வாத்தியக் கோஷ்டியையும் இதே மாதிரித்தான் பிய்த்துப் பிய்த்து உட்கார வைத்துப் பிடிக்கிறோம், அவர்களும் இதே மாதிரித்தான் என்னைத் திட்டுகிறார்கள், என்ன திட்டுகிறார்கள் என்று எனக்கு அங்கே புரியும், இங்கே புரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவரும் "அவ்வளவுதான்" என்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"ஐயா, தொரைக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார் புலவர். "குழாயப் பாத்து என்னால பாட முடியாது. எதுத்தாப்புல ஆளு வேணும். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்ல நாதி இல்லாம, நான் ஆருக்குக் கதை சொல்ல?"

ஆள் இருந்தது. முற்றத்தில் வண்டிக்காரர்கள் வேலை இல்லாமல் குந்தியிருந்தார்கள். பஞ்சு கொட்டை எடுக்கிற பெண்கள் வில்லைப் பார்த்ததுமே வீட்டுக்குப் போகாமல் கதவருகே நின்றிருந்தார்கள். அத்தான் கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே விட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது என்று துரை சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"வாயத் தொறக்கக் கூடாதுன்னா பெறகு என்னத்துக்கு ஆளு?" என்றார் புலவர்.

இதை நான் மொழிபெயர்த்தபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவர்கள் எப்படி உட்கார்ந்து பாடுவார்களோ அப்படியே உட்காரட்டும், குழாயை அவர்களிடம் நான் கொண்டுபோகிறேன் என்றார் துரை. குடம் வில்லுக்குத் திரும்பி வந்தது. குடத்துக்கு அடியில் கம்பளியை மடித்துப் போட்டார்கள். குழாயின் வாய் புலவருக்கும் மைத்துனருக்கும் நடுவே வந்து நின்றது. இரண்டு குரலும் உள்ளே போக வேண்டுமானால் இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு பாட வேண்டும்.

"அவன் வெத்தல போட்டிருக்கான், துப்பிட்டு வரச் சொல்லுங்க" என்றார் புலவர், மைத்துனரின் காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில்.

"நான் காலையிலயே துப்பிட்டேன்னு சொல்லுங்க" என்றார் மைத்துனர், புலவரின் காதுக்கு அதே தூரத்தில்.

துரையைப் பார்த்துக் கையை அசைத்தேன். மெழுகு சுழன்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து எனக்கு அவர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த மூன்று நிமிஷம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. முதல் அடியை மைத்துனர் ஏந்திக்கொண்டபோதே மணிகள் குலுங்கின. கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், மறந்துபோய், மெல்ல "ஆமா" என்றார். அடுத்த அடிக்குப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். புலவரின் தோள் நிமிர்ந்தது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் இருந்தார், ஐந்து பேருக்கும் ஒரே மூச்சு. துரை திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். என் முன்கையில் மயிர் சிலிர்த்து நின்றதைப் பார்த்தேன்.

மெழுகு முடியப்போகிற நேரத்தில் துரை கையைத் தூக்கினார். நிறுத்த வேண்டியதற்கு அதுதான் அடையாளம் என்று காலையில் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். மைத்துனர் கையைப் பார்த்தார், அடியின் நடுவில் சடாரென்று நிறுத்தினார். புலவர் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை. ஏந்த ஆளில்லாமல் அவர் குரல் தனியே போய் விழுந்தது. கண்ணைத் திறந்தார். பக்கத்திலிருந்த முகத்தைப் பார்த்து, குழாயின் வாய்க்குள்ளேயே, பல வருஷங்களுக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பேசினார்.

"ஏலே, எப்பமும் இப்படித்தாம்லே நீ. பாதியில விட்டுட்டுப் போற பய. அன்னைக்கு மாடு விழுந்துச்சு. இன்னைக்கு என்னலே விழுந்துச்சு?"

கதையில் ஒரு இடம் என்று நினைத்துக் கூட்டம் "ஆமா" போட்டது.

"தொர கையத் தூக்கினாரு மச்சான்" என்றார் மைத்துனர்.

அப்போதுதான் மெழுகு நின்றது.

துரை முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். "பேர் சொல்ல மறந்துவிடுவார்களோ என்று பயந்தேன், எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்!" என்று மெச்சிக்கொண்டார். அது பேர் இல்லை, குடும்பச் சண்டை என்று நான் எடுத்துச் சொன்னேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன். இன்னொன்று பிடித்துவிடலாம் என்று அவர் மெழுகுப் பெட்டியைத் திறந்தார். மீதியிருந்த தட்டுகளெல்லாம் பேட்டை வெயிலில் வெண்ணெயாக இளகிப்போயிருந்தன. உருப்படியாக இருப்பது இது ஒன்றுதான், சீமைக்கு இதுவே போகும் என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டத் தொடங்கினார்.

வில்லுக்காரர்கள் எழுந்திருக்கவில்லை. ஆரம்பித்த மாடனை நடுவில் விட்டுப் போக முடியாது என்றார் புலவர். கூட்டமும் அதைத்தான் சொல்லிற்று. மறுபடியும் பிள்ளையாரிலிருந்து தொடங்கினார்கள். தெருவில் போனவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். துரை குழாயைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்று கேட்டார். காலையில் ஏன் இப்படிப் பாடவில்லை என்று என்னிடம் கேட்டார். நான் அவர் கையிலிருந்த குழாயைப் பார்த்தேன். அவரை வண்டியேற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு வந்தபோதும் கதை நடந்துகொண்டிருந்தது.

மழைக்காலம் கழிந்து சீமையிலிருந்து கிராமபோன் பிளேட்டுகள் வந்து சேர்ந்தன. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் இருவர் பாடும் வேடிக்கைப் பாட்டு என்று தமிழில் அச்சடித்திருந்தது. குடும்பச் சண்டை என்று நான் அத்தனை தடவை சொன்னதிலிருந்து துரை புரிந்துகொண்டது அதுதான். அத்தான் பெட்டியை முடுக்கினார். குடம் எங்கோ அடுத்த தெருவில் நெல் குத்துவது போலக் கேட்டது. மணிகள் கேட்கவே இல்லை. உடுக்கு, தாளம், கட்டை எதுவும் இல்லை. புலவரின் பெரிய குரல் கொசு மாதிரி ஆகியிருந்தது. என் மயிரைச் சிலிர்க்க வைத்த எதுவும் அதில் வந்து சேரவில்லை. பாட்டு முடிந்ததும் ஒரு நொடி அமைதி. பிறகு, கடைக்குள்ளேயே நின்று யாரோ பேசுவது போல அட்சரம் பிசகாமல் வந்தது: "ஏலே, எப்பமும் இப்படித்தாம்லே நீ."

அத்தான் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் வள்ளியூர்ப் பக்கத்து ஆட்கள் அதைக் கேட்டுவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார்கள். அவர்களுக்கு மாட்டையும் தெரியும், கிணற்றையும் தெரியும். ஒன்றைத் தவிர பிளேட்டு எல்லாம் விற்றுப் போயிற்று. பெட்டி இல்லாதவர்கள், பெட்டி வைத்திருந்த மிராசுதார் வீட்டு வாசலில் போய் நின்று அதைப் போடச் சொல்லிக் கேட்டார்களாம்.

சங்கதி காதில் விழுந்து, புலவரும் மைத்துனரும் ஒரே வண்டியில் கடைக்கு வந்தார்கள். எனக்கு ஆள் வந்தது. கடைக்குள் நான் நுழைந்தபோது பிளேட்டு ஓடிக்கொண்டிருந்தது. புலவர் பெட்டியின் குழாய்க்கு முன்னால் குனிந்து நின்றார்.

"இது ஆரு பாடுதது?" என்றார் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மைத்துனர் சொன்னார்: "நீருதான் மச்சான்."

"போலே. எந் தொண்டையா இது?"

"திட்டுதது உம்ம தொண்டைதான். அப்ப பாடுததும் உம்ம தொண்டைதான்."

"நீ நிறுத்தாம இருந்திருந்தா நான் எதுக்குலே திட்டுதேன்?"

"மாடு கெணத்துல விழுந்தா நீரா போய்த் தூக்குவேரு?"

பிளேட்டு ஓடி முடிந்து ஊசி சும்மா கரகரத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்கக்கூட அத்தானுக்குத் தோன்றவில்லை. மாட்டின் கதையை முதலிலிருந்து இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். கயிறு யாருடையது, ஆள் அனுப்பியது யார், அன்றைக்கு மைத்துனருக்குப் பதிலாக இடது பக்கம் உட்கார்ந்து ஏந்தத் தெரியாமல் திணறியவன் யார் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒருவர்கூட என்னைப் பார்த்து "சொல்லுங்க" என்று சொல்லவில்லை. ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது. என்னை ஏன் கூப்பிட்டு அனுப்பினார்கள் என்றும் எரிச்சலாக இருந்தது.

போகும்போது கடையில் மிஞ்சியிருந்த ஒரு பிளேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் பெட்டி கிடையாது. இருந்தாலும் இருக்கட்டும் என்றார் புலவர். மைத்துனர் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பைய, குலுங்காமல் ஓட்டும்படி வண்டிக்காரனிடம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அந்த வருஷக் கொடையில் அவர்கள் பாடியதை நான் போய்க் கேட்டேன். அக்காள் கேட்டதற்கு, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனதாகச் சொன்னேன். கூட்டத்தில் பின்னால் ஒரு பனைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். நடுவில் நிறுத்திவிட்டு வெற்றிலை போடுகிற நேரத்தில் இரண்டு பேரும் ஏதோ சொல்லித் தர்க்கம் பண்ணுவது தெரிந்தது. என்னவென்று நான் போய் விசாரிக்கவில்லை. பிறகு வில் மறுபடி ஒலித்தது. நான் மற்றவர்களோடு சேர்ந்து "ஆமா" போட்டேன்.